வெளிநாட்டில் பொறியியல் முதுநிலை: பாடப் பட்டியலிலிருந்து தொடங்கும் வழி

வெளிநாட்டில் பொறியியல் முதுநிலை படிக்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் திறப்பது உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையைத்தான். அதில் சில பெயர்களைக் குறித்துக்கொண்டு, கட்டணம் கட்டுப்படியாகுமா, விசா கிடைக்குமா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் அங்கே என்ன பாடம் நடத்துகிறார்கள் என்று பார்க்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன, கல்வியாளர்களிடையே நிறுவனத்துக்கு என்ன பெயர் இருக்கிறது என்பன போன்ற அளவுகோல்களைப் பல்கலைக்கழகம் முழுமைக்கும் சேர்த்துக் கூட்டிப்பார்ப்பவை தரவரிசைகள். நீங்களோ ஒரு துறையின் ஒரே ஒரு படிப்பில், பத்துப் பன்னிரண்டு பாடங்களும் ஓர் ஆய்வேடுமாக, ஓரிரண்டு ஆண்டுகளைக் கழிக்கப் போகிறீர்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு பாடங்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்ல முடியாத ஒருவர் அந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கத் தயாராகவில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே முதல் வேலை, படிப்பின் பாடக் கையேட்டைத் தேடி எடுப்பது. ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்கம், முன்தேவை, தேர்வு முறை, நடத்தும் ஆசிரியர் ஆகியவற்றைத் தனித்தனியாக வெளியிடுகின்றன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது பாட அட்டவணைகளில் சிதறிக் கிடக்கும். அங்கே ஒரு பாடம் பட்டியலில் இருப்பதாலேயே அது ஆண்டுதோறும் நடத்தப்படுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. கடந்த நான்கைந்து பருவங்களின் வகுப்பு அட்டவணையை எடுத்து, நீங்கள் விரும்பும் பாடம் எத்தனை முறை உண்மையில் நடந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அட்டவணையில் மட்டும் வாழும் பாடங்கள் நீங்கள் எண்ணுவதைவிட அதிகம்.

ஒரே பட்டம், வெவ்வேறு படிப்பு

'முதுநிலை' என்ற ஒரே சொல்லுக்கு நாட்டுக்கு நாடு பொருள் மாறும். பிரிட்டனில் எம்.எஸ்சி. பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. மொத்தம் 180 கிரெடிட், அதில் வழக்கமாக 60 கிரெடிட் கோடையில் எழுதும் ஆய்வேட்டுக்குப் போய்விடும். ஐரோப்பாவின் பிற பகுதிகளில் இ.சி.டி.எஸ். என்ற ஐரோப்பியப் பொதுக் கிரெடிட் அளவில் 120 கிரெடிட் கொண்ட ஈராண்டுப் படிப்பே பரவலானது. ஓர் இ.சி.டி.எஸ். கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டுப்பாடம், தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். அமெரிக்காவில் சுமார் 30 கிரெடிட். அதையும் ஆய்வேட்டோடு முடிக்கலாம், ஆய்வேடு இல்லாமல் பாடங்களை மட்டும் எடுத்தும் முடிக்கலாம். எம்.எஸ்., எம்.இங். என்று இரண்டு பட்டங்களையும் வழங்கும் துறைகளில் பொதுவாக முன்னது ஆய்வை நோக்கியும் பின்னது தொழிலை நோக்கியும் சாய்ந்திருக்கும்.

இந்த வேறுபாடு தாளில் சிறியதாகத் தெரிந்தாலும் அன்றாட வாழ்க்கையில் பெரியது. ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தவர் வகுப்புத் தொடங்கிய சில வாரங்களிலேயே வேலைக்கு விண்ணப்பிக்க ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அப்போது அவர் கையில் புதிதாகக் காட்ட எதுவும் இருக்காது. ஜெர்மனியின் ஈராண்டுப் படிப்பில் கடைசி ஆறு மாத ஆய்வேட்டை ஒரு தொழில் நிறுவனத்திலேயே செய்யும் வழக்கம் உண்டு, வேலைக்கான கதவும் பல நேரங்களில் அங்கேதான் திறக்கிறது. முனைவர் பட்டம்தான் இலக்கு என்றால் ஆய்வேடு இல்லாத படிப்பைத் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் அடுத்த விண்ணப்பத்தில் உங்கள் ஆய்வுத் திறனைப் பற்றிச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

தொழில்முறை அங்கீகாரத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. 1989-இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கை, கையெழுத்திட்ட நாடுகளின் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டங்களை ஒன்றுக்கொன்று ஈடாக ஏற்பதற்கானது. ஆனால் அது இளநிலைப் பட்டத்தைப் பற்றியது. வெளிநாட்டு முதுநிலைப் பட்டம் கிடைத்துவிட்டால் இளநிலைப் பட்டத்தின் அங்கீகாரக் குறை தானாக மறைந்துவிடாது. பிரிட்டனில் சார்ட்டர்டு எஞ்சினியர் என்ற தொழில்முறைத் தகுதிப் பதிவை நோக்கிப் போகிறவர், தாம் சேரும் எம்.எஸ்சி. அந்தப் பதிவுக்கான மேற்படிப்பாக அங்கீகரிக்கப்பட்டிருக்கிறதா என்று, பொறியாளர் பதிவை நெறிப்படுத்தும் எஞ்சினியரிங் கவுன்சிலின் பட்டியலில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டடம், பாலம் போன்ற பொதுப் பாதுகாப்புத் தொடர்பான துறைகளில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம்; மென்பொருளுக்கு நெருக்கமான துறைகளில் இருப்பவர்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

உங்கள் பாடங்களின் அட்டவணை

அடுத்த வேலை சலிப்பானது. ஆனால் இந்த முழு முயற்சியிலும் இதைவிடப் பயன் தருவது வேறில்லை. இளநிலையில் நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தையும் ஓர் அட்டவணையில் எழுதுங்கள்: பாடத்தின் பெயர், பருவம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கிரெடிட், மதிப்பெண், பாடத்திட்டத்தில் உள்ள ஐந்தாறு தலைப்புகள். பக்கத்திலேயே, நீங்கள் விண்ணப்பிக்கும் படிப்பு கேட்கும் முன்தேவைகளை எழுதிப் பொருத்துங்கள்.

இயந்திரப் பொறியியல் படித்த ஒருவர், இயந்திரவியலையும் மின்னணுவியலையும் இணைக்கும் மெக்கட்ரானிக்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணிதம், எந்திரவியல், இயந்திர வடிவமைப்பு எல்லாம் பொருந்திவிடும். மின்சுற்றுகள், சமிக்ஞைகள், கட்டுப்பாட்டுப் பொறியியல் ஆகிய மூன்றில்தான் இடறும். அவருடைய மதிப்பெண் பட்டியலில் 'இயக்க அதிர்வுகளும் கட்டுப்பாடும்' என்று ஒரு பாடம் இருக்கலாம். பெயரை மட்டும் பார்க்கும் சேர்க்கைக் குழு அதை அதிர்வியல் என்று ஒதுக்கிவிடக்கூடும். அதன் பாடத்திட்டத்தில் பின்னூட்டம், பரிமாற்றச் சார்பு, நிலைப்புத்தன்மை ஆகியவை பாதி இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதைப் பாடத்திட்டப் பக்கத்தோடு சேர்த்துக் காட்டினால் அதே பாடம் கட்டுப்பாட்டுப் பொறியியலாகக் கணக்கில் வரும் வாய்ப்பு உண்டு. எங்கே பொருத்தமே இல்லையோ, அங்கே உங்கள் வெற்றிடம் எது என்று இப்போதே தெரிந்துவிடும். இளநிலைப் படிப்பு இன்னும் முடியவில்லை என்றால் விருப்பப் பாடமாக அதை எடுக்கலாம்; முடிந்துவிட்டது என்றால் அந்தப் படிப்பைப் பட்டியலிலிருந்து நீக்கி விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம்.

மதிப்பெண் மாற்றத்தையும் இதே அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்த மதிப்பெண், 4.0 தேர்ச்சியின் எல்லை. வெளிநாட்டு மதிப்பெண்ணை அந்த அளவுக்கு மாற்றப் பவேரிய வாய்ப்பாடு என்று ஒன்று பயன்படுகிறது: உச்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் பெற்றதைக் கழித்து, அதை உச்ச மதிப்பெண்ணுக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 8.2 பெற்றவரின் பல்கலைக்கழகத்தில் தேர்ச்சி எல்லை 5 என்றால் விடை 2.08, அதே எல்லை 4 என்றால் விடை 1.9. உழைப்பும் மதிப்பெண்ணும் ஒன்றாக இருந்தும், தேர்ச்சி எல்லை எது என்ற ஒரே ஒரு வரி முடிவை மாற்றுகிறது. அந்த வரி பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும். நான் முதன்முறை விண்ணப்பித்தபோது முன்பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன். 'மதிப்பீட்டு முறை இணைக்கப்படவில்லை' என்ற குறிப்போடு விண்ணப்பம் திரும்பியது, நான் அதைச் சரிசெய்வதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் ஸ்கேன் செய்யுங்கள்.

நாட்களைப் பின்னோக்கி எண்ணுதல்

வகுப்பு தொடங்கும் மாதத்திலிருந்து பின்னோக்கி ஒன்றரை ஆண்டு எண்ணித் தயாரிப்பைத் தொடங்குவது பாதுகாப்பானது. இலையுதிர்காலச் சேர்க்கைக்கு அமெரிக்காவின் பல துறைகள் முந்தைய டிசம்பர், ஜனவரி மாதங்களிலேயே விண்ணப்பத்தை முடித்துக்கொள்கின்றன. சுவீடனில் ஏறத்தாழ எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே இணையவழி விண்ணப்பம், அதுவும் ஜனவரி நடுவில் முடிந்துவிடும். நான்கு முதுநிலைப் படிப்புகள் வரை விருப்ப வரிசையில் தர வேண்டும், மேலே வைத்த படிப்பில் இடம் கிடைத்துவிட்டால் கீழே உள்ளவை நீக்கப்படும் என்பதால் அந்த வரிசையை யோசித்தே எழுத வேண்டும். ஜெர்மனியில் அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15 என்ற தேதி பரவலாகச் சொல்லப்பட்டாலும், ஆங்கிலவழிப் படிப்புகள் பலவும் வெளிநாட்டு மாணவர்களுக்கு அதற்குப் பல மாதங்கள் முன்பே கதவை மூடிவிடுகின்றன. அதற்கும் முன்பு, பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பின் வழியாகச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் வேலையும், இந்தியா, சீனா, வியட்நாம் போன்ற நாடுகளில் படித்தவர்களுக்கு அவர்களின் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று காட்டும் ஏ.பி.எஸ். சான்றிதழும் இருக்கின்றன. இவை இரண்டும் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் இழுக்கும்.

தேர்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்கள் ஈராண்டுகளுக்குச் செல்லும், பட்டமேற்படிப்புக்கான பொதுத் திறனறித் தேர்வான ஜி.ஆர்.இ. ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். ஜி.ஆர்.இ.யைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன, சில இன்னும் கேட்கின்றன, ஐரோப்பாவிலும் சில படிப்புகள் கேட்கின்றன. பொறியியல் மாணவருக்குக் கணிதப் பகுதியில் உச்ச மதிப்பெண்ணான 170-க்கு அருகில் வருவது அதிசயமாகக் கருதப்படாது என்பதால், அதற்காக மாதக்கணக்கில் செலவிடுவதைவிட அந்த நேரத்தை ஒரு திட்டப்பணியில் செலவிடலாம்.

நோக்கவுரையும் பரிந்துரைக் கடிதமும்

எஸ்.ஓ.பி. என்று எல்லோரும் அழைக்கும் நோக்கவுரையில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் தங்கள் முகத்தை இழக்கின்றன. 'சிறு வயதிலிருந்தே இயந்திரங்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம் உண்டு' என்று தொடங்கும் பத்தியை ஒரு பேராசிரியர் ஒரே நாளில் முப்பது முறை படித்திருப்பார். அதை அடித்துவிட்டு இப்படித் தொடங்கிப் பாருங்கள்: 'இறுதியாண்டுத் திட்டத்தில் ஒரு வெப்பப் பரிமாற்றியின் அழுத்த இழப்பைக் கணினி மாதிரியில் கணக்கிட்டோம். அளந்து பார்த்தபோது மதிப்பு ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது. நுழைவாயில் ஓட்டம் சீரானது என்று நாங்கள் எடுத்துக்கொண்டதே காரணம் என்பதைக் கண்டுபிடிக்க மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வாரங்களில்தான் கொந்தளிப்பு ஓட்டத்தைப் பற்றி எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது புரிந்தது.' இந்த எழுத்தில் ஒரு வேலை தெரிகிறது, அதில் நேர்ந்த பிழை தெரிகிறது, அடுத்து என்ன படிக்க வேண்டும் என்பதும் தெரிகிறது. அதற்குப் பிறகு 'உங்கள் படிப்பில் கொந்தளிப்பு மாதிரிகள் என்ற பாடம் இரண்டாம் பருவத்தில் இருக்கிறது' என்று எழுதும்போது அது முகஸ்துதியாக ஒலிக்காது. பாடக் கையேட்டைப் படித்தவர் மட்டுமே எழுதக்கூடிய வாக்கியம் அது. குறைந்த மதிப்பெண் வாங்கிய பருவம் ஏதேனும் இருந்தால் ஒரே வாக்கியத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஒரு பத்தி முழுக்க விளக்கினால் படிப்பவர் நினைவில் அதுதான் நிற்கும்.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத் தலைவரையோ முதல்வரையோ நாடுவது பழைய வழக்கம். உங்கள் பெயரையே அறியாத முதல்வரின் மூன்று வரிப் பாராட்டைவிட, ஆய்வகத்தில் உங்களோடு மல்லுக்கட்டிய இளம் உதவிப் பேராசிரியர் எழுதும் ஒரு பக்கம் மதிப்புடையது. அவரிடம் கடைசி நாளுக்கு ஆறு வாரங்கள் முன்பாவது கேட்டு, நீங்கள் அவரிடம் செய்த வேலை என்ன, எந்த மாதத்தில், என்ன முடிவு வந்தது என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். 'நீயே எழுதிக் கொண்டுவா, நான் கையெழுத்துப் போடுகிறேன்' என்று அவர் சொன்னால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் கொடுத்துக் கடிதத்தை அவர் சொற்களிலேயே எழுதும்படி பணிவாகக் கேளுங்கள். மூன்று கடிதங்களும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். கடிதத்தைப் பதிவேற்றக் கல்லூரியின் மின்னஞ்சல் முகவரி தேவைப்படும் என்பதையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த இடத்தில் முகவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இலவசமாக உதவும் கல்வி முகவர் பலரும் மாணவரைச் சேர்ப்பதற்காகப் பல்கலைக்கழகத்திடமிருந்து தரகு பெறுகிறார்கள். அதனாலேயே அவர்கள் கெட்டவர்கள் என்றாகிவிடாது. ஆனால் அவர்கள் காட்டும் பட்டியலில் தரகு தராத பல்கலைக்கழகங்கள் இடம்பெறுவது அரிது. படிவம் நிரப்ப அவர்களை அணுகலாம், படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவர்களிடம் விடக் கூடாது.

பணம், விசா, வேலைக்கான காலம்

கல்வி உதவித்தொகைகளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகள் பொறியியலாளர்களுக்குப் பொருத்தமானவை. குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும், விண்ணப்பத்தை அந்தந்தப் படிப்பை நடத்தும் கூட்டமைப்புக்கு நேரடியாக அனுப்ப வேண்டும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. வழங்கும் வளர்ச்சி சார்ந்த முதுநிலை உதவித்தொகைக்குக் குறைந்தது ஈராண்டுப் பணி அனுபவம் வேண்டும். வேலையில் இருப்பவர்கள் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஆய்வு உதவியாளர், கற்பித்தல் உதவியாளர் பணிகள் கட்டண விலக்கோடு வரக்கூடும். ஆனால் அவை முனைவர் பட்ட மாணவர்களுக்கே முதலில் போகும். நிதியுதவியோடு இடம் கிடைத்து உடனே பதில் சொல்லும்படி நெருக்கினால், ஏப்ரல் 15 வரை மாணவர் முடிவெடுக்கக் காத்திருக்கலாம் என்ற அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகள் கழகத்தின் தீர்மானத்தில் அந்தப் பல்கலைக்கழகம் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பகுதிநேர வேலையை நம்பிக் கட்டணத்தைக் கணக்குப் போடாதீர்கள். அமெரிக்காவில் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம், பிரிட்டனில் வாரம் 20 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரம், ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் என்று சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. சட்டம் அனுமதிப்பது ஒருபுறம், பொறியியல் பாடச் சுமை அனுமதிப்பது மறுபுறம். இரண்டாவது எப்போதும் சிறியது.

விசாவுக்கான நிதிச் சான்றில் தேதிகளே ஆளைக் கவிழ்க்கும். பிரிட்டனுக்குத் தேவையான தொகை தொடர்ச்சியாக 28 நாட்கள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஜெர்மனிக்கு மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கு பொதுவான வழி. பொறியியல் மாணவர்களுக்கென்றே ஒரு கூடுதல் தடையும் உண்டு: பொருளறிவியல், விண்வெளி, அணுப் பொறியியல் போன்ற, ஆயுத ஆக்கத்துக்கும் பயன்படக்கூடிய துறைகளுக்குப் பல நாட்டவர்கள் பிரிட்டனில் அட்டாஸ் என்ற முன் அனுமதி பெற வேண்டும், அமெரிக்காவில் சில தொழில்நுட்பங்கள் வெளிநாட்டவர் கைக்குப் போவதைத் தடுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் காரணமாகச் சில ஆய்வகத் திட்டங்களில் வெளிநாட்டு மாணவர்கள் சேர முடியாது. ராக்கெட் உந்துவிசை படிக்கப் போகிறவர், அந்த ஆய்வகத்தில் வெளிநாட்டு மாணவர்கள் இப்போது இருக்கிறார்களா என்று குழுவின் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

படிப்புக்குப் பின் வேலை தேடும் காலமும் தேர்வில் இடம்பெற வேண்டும். அமெரிக்காவில் மாணவர் விசாவிலேயே துறை சார்ந்த வேலை செய்ய அனுமதிக்கும் ஓ.பி.டி. 12 மாதம், பொறியியல் பட்டத்துக்கு மேலும் 24 மாதம். ஆனால் படிக்கும்போதே சி.பி.டி. என்ற, பாடத்திட்டத்தோடு இணைந்த வேலைப் பயிற்சியை முழுநேரமாக 12 மாதம் செய்துவிட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓ.பி.டி. உரிமை போய்விடும். ஜெர்மனியில் 18 மாதம். பிரிட்டனில் ஈராண்டாக இருந்தது, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதமாகக் குறைகிறது. இத்தகைய விதிகள் நீங்கள் படித்து முடிப்பதற்குள்ளேயே மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளிலும் பட்டம் பெறும் ஆண்டிலும் அரசின் இணையதளத்தில் மறுபடி பாருங்கள்.

போய்ச் சேர்ந்த பின்

முதல் பருவத்தில் எல்லோரும் செய்யும் தவறு, ஆர்வத்தில் பாடங்களை அள்ளிக்கொள்வது. அமெரிக்காவில் வாரந்தோறும் வரும் வீட்டுப்பாடம் மூன்று பாடத்திலேயே மூச்சு முட்ட வைக்கும். ஜெர்மனியிலோ பருவம் முழுவதும் யாரும் எதையும் கேட்காமல், கடைசியில் ஒரே தேர்வில் எல்லாவற்றையும் கேட்பார்கள். அந்தத் தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், தோற்றால் மறுபடி எழுதும் முறைகளுக்கும் எல்லை உண்டு. வகுப்பில் உட்கார்ந்திருந்தவர் பதிவு செய்ய மறந்து, தேர்வறையில் பெயரில்லாமல் திரும்பிய கதைகள் எல்லா ஆண்டும் உண்டு. நண்பரின் நிரல் வரிகளை ஒட்டி எழுதுவது பல இடங்களில் சாதாரண உதவியாகவே கருதப்பட்டாலும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம். எடுத்த ஒவ்வொரு வரிக்கும் மூலத்தைக் குறிப்பிடும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

ஆய்வேட்டு வழிகாட்டியைக் கடைசிப் பருவத்தில் தேடாமல், யாருடைய பாடத்தில் முதல் பருவத்திலேயே நல்ல கேள்வி கேட்டீர்களோ அவருடைய அலுவல் நேரத்தில் போய்ப் பாருங்கள். மின்னஞ்சல் எழுதுவதானால் அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றின் ஒரு வரைபடத்தைக் குறிப்பிட்டு ஒரு கேள்வி, உங்களால் என்ன செய்ய முடியும் என்று ஒரு வாக்கியம், எப்போது தொடங்கலாம் என்று ஒரு தேதி, இவ்வளவு போதும். பதில் வரவில்லை என்றால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுவது தவறில்லை.

விண்ணப்பிக்கும்போது தயாரித்த அந்த அட்டவணையை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பருவம் முடிந்ததும் புதிய பாடங்களை அதே வடிவத்தில் சேர்த்து, பாடக் கையேட்டின் அந்த ஆண்டுப் பதிப்பையும் கோப்பாகச் சேமித்துவையுங்கள். முனைவர் பட்டத்துக்கோ, தொழில்முறைப் பதிவுக்கோ, வேறொரு நாட்டில் பட்ட மதிப்பீட்டுக்கோ சில ஆண்டுகள் கழித்து விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்கப்படுவது அந்தப் பக்கங்களைத்தான். அதற்குள் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றி, பழைய பதிப்பை இணையதளத்திலிருந்து எடுத்திருக்கும்.